படத்தின் பின்பக்கம்: பாழிடங்கள், கப்பல்கள், கள்ளக்குறிச்சி

கள்ளக்குறிச்சி வட்டாரத்து வீரசோழபுரத்தில் பழைய சிவன் கோயில் ஒன்று இருக்கிறது. சுந்தரரும் பரவை நாச்சியாரும் அருகருகே நிற்கும் செப்புத் திருமேனி ஒன்று அக்கோயிலுக்கு உரியதாக இருந்தது. 1956இல் அதைப் படமெடுத்தார்கள். பாண்டிச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் படக்காப்பகத்தில் ஊர்ப் பெயரோடும் ஆண்டோடும் அந்தப் படம் சேர்ந்தது. பிற்பாடு திருமேனி ஊரைவிட்டுப் போயிற்று. பல கைகள் மாறி, 1987இல் அன்பளிப்பாக வாஷிங்டன் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. 2023இல் அந்த அருங்காட்சியகம் தன்னிடமுள்ள சிலைகளைப் பாண்டிச்சேரிப் படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தது. உண்மை வெளிப்பட்டது. திருத்துறைப்பூண்டி நடராசர், ஆலத்தூர் சோமாஸ்கந்தர் ஆகியவற்றோடு வீரசோழபுரத்துச் சுந்தரரையும் இந்தியாவுக்குத் திருப்பித் தருவதாக 2026 தொடக்கத்தில் அறிவிப்பு வந்தது.

இத்தனையும் நடந்தது ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தால். இன்னும் சரியாகச் சொன்னால், படத்தோடு எழுதி வைக்கப்பட்ட குறிப்பால். ஊரும் ஆண்டும் இல்லாதிருந்தால் அது ஒரு சிலையின் படம் மட்டுமே. அவை இருந்ததால் சாட்சியாயிற்று.

பாழடைந்த கட்டடங்களையும் கரைதட்டிய கப்பல்களையும் படமெடுப்பது இன்று உலகெங்கும் பெரும் ஈடுபாடாக வளர்ந்திருக்கிறது. தமிழ்நாட்டிலும் கையில் கேமரா உள்ள இளைஞர்கள் வார இறுதிகளில் கோட்டைகளையும் மூடிய ஆலைகளையும் தேடிப் போகிறார்கள். அவர்கள் எடுக்கும் படங்களில் பல மிக அழகானவை. ஆனால் பெரும்பாலானவற்றுக்குப் பின்பக்கம் வெறுமையாக இருக்கிறது. எந்த ஊர், யார் கட்டியது, எப்போது விடப்பட்டது, ஏன் விடப்பட்டது என்ற விவரம் ஒன்றும் அங்கே இல்லை. பாழிடத்தைப் படமெடுக்கும் கலையின் மதிப்பு பாதிக்குப் பாதி அந்தப் பின்பக்கத்தில்தான் இருக்கிறது என்பது என் துணிபு. இந்தக் கலை நம் மண்ணில் வந்த வழியைப் பார்த்தாலே அது விளங்கும்.

ஆவணமாகப் பிறந்த கலை

ஐரோப்பாவில் கேமரா அறிமுகமாகி இருபது ஆண்டுகள் ஆவதற்குள் சென்னையில் அதற்கு ஒரு சங்கம் ஏற்பட்டுவிட்டது. 1850இல் சென்னையில் கலைப்பள்ளி தொடங்கிய மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டரின் முயற்சியில் 1856இல் சென்னை போட்டோகிராபிக் சொசைட்டி அமைந்தது. அதே காலத்தில் லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரி சென்னை மாகாண அரசின் படமெடுப்பாளராக நியமிக்கப்பட்டார். 1857 இறுதியில் கிளம்பி, 1858இல் திருவரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை எனச் சுற்றிவந்தார். மெழுகு ஏற்றிய காகிதமே அவருக்கு நெகட்டிவ். வண்டி வண்டியாகக் கருவிகளையும் ரசாயனங்களையும் ஏற்றிக்கொண்டு, தென்னாட்டு வெயிலில் அந்தக் காகிதத்தைக் கெடாமல் காத்து அவர் செய்த வேலை இன்றைக்கும் வியப்பைத் தருகிறது.

ட்ரைப் எடுத்தவற்றில் இரண்டைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளை அவர் துண்டு துண்டாக எடுத்து, இருபத்தொரு படங்களை ஒட்டி, சுமார் 19 அடி நீளப் படமாக்கினார். அதன் நோக்கம் ஒன்றுதான்: எழுத்தைப் படிக்கும்படி பதிவுசெய்வது. இரண்டாவது, மதுரைத் திருமலை நாயக்கர் மகாலின் படங்கள். அன்று மகால் சிதைந்து கிடந்தது. 1866 முதல் 1872 வரை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு காலத்தில்தான் அது பழுதுபார்க்கப்பட்டது. பழுதுபார்ப்பதற்கு முன் தூண்களும் வளைவுகளும் எந்த நிலையில் நின்றன என்பதற்கு ட்ரைப்பின் படங்கள் கண்கண்ட சான்று. படத்தொகுதிகளை அவர் விளக்கக் குறிப்புகளுடன் வெளியிட்டார். அவருக்குப் பின் 1867-68இல் அரசுக்காக வேலைசெய்த எட்மண்ட் டேவிட் லயனின் படங்களுக்குக் கட்டடக்கலை வரலாற்றாசிரியர் ஜேம்ஸ் பெர்குசன் பதிப்பித்த குறிப்புகள் தனி நூலாகவே வந்தன. படமும் குறிப்பும் பிரியாமல் பிறந்தவை என்பதை இங்கே காண்கிறோம்.

ட்ரைப்பின் படங்களில் மனிதர்கள் அரிது. காகித நெகட்டிவில் ஒளி பதிய நிமிடக்கணக்கில் ஆகும். நடந்து போகிறவர் பதிய மாட்டார், கல் மட்டும் பதியும். கடைவீதியும் கோயில் பிராகாரமும் ஆளரவமற்றுத் தெரிந்ததற்குக் கருவியின் குறையே காரணம். பின்னால் வந்தவர்களுக்கு அந்த வெறுமையே பாழிடப் படத்தின் இலக்கணமாகப் பதிந்துவிட்டது. இன்றைய கேமரா நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் படம் பிடிக்கும். ஆகவே இன்று ஒருவர் ஆளில்லாத படம் எடுத்தால் அது அவராக எடுத்த முடிவு. அந்த முடிவுக்கு அவர்தான் பொறுப்பு.

ட்ரைப்பின் பதவி நீண்ட நாள் நீடிக்கவில்லை. ஆளுநர் ட்ரெவெல்யன் அதை வீண்செலவு என்று கருதி நிறுத்தினார். ஆவணம் எடுக்கும் வேலைக்கு முதலில் கத்தரி விழுவது அன்றே தொடங்கியது. சுமார் நூறாண்டு கழித்துப் பாண்டிச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1956இல் அந்த வேலையை முறையாகக் கையிலெடுத்தது. தூர கிழக்கு ஆய்வுக்கான பிரெஞ்சுப் பள்ளியுடன் சேர்ந்து, ஊர் ஊராகச் சென்று கோயில்களையும் சிலைகளையும் பதிந்தது. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் அங்கே சேர்ந்தன. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தானில் பூசை நின்று பூட்டிக் கிடந்த சோழர் காலக் கோயிலின் நடராசர் திருடுபோய், 2008இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்தால் விலைக்கு வாங்கப்பட்டார். 1994இல் அதே கோயிலில் எடுத்த படம் இந்தக் காப்பகத்தில் இருந்தது. 2014 செப்டம்பரில் நடராசர் நாடு திரும்பினார். கைவிடப்பட்ட கட்டடத்தைக் குறிப்புடன் படமெடுத்து வைப்பதால் ஒரு ஊருக்குக் கிடைக்கக்கூடிய பயனுக்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

கடல் கொண்டவை, போர் கொண்டவை, பணம் போனபின் நின்றவை

தமிழ்நாட்டில் மிக அதிகமாகப் படமெடுக்கப்பட்ட பாழிடம் தனுஷ்கோடியாகத்தான் இருக்கும். 1964 டிசம்பர் 22 இரவு புயலோடு வந்த கடல் அந்த ஊரை வாரிக்கொண்டது. பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயில் அலைகளில் சிக்கி, அதிலிருந்தவர்கள் அனைவரும் மாண்டார்கள். 1914இல் பாம்பன் பாலம் திறந்தது முதல் சென்னையிலிருந்து போட் மெயிலில் வருபவர்கள் இங்கே இறங்கிக் கப்பலேறித் தலைமன்னார் போவார்கள். ரயில் நிலையம், அஞ்சலகம், தேவாலயம் என எல்லாம் உள்ள ஊராக அது இருந்தது. இன்று தேவாலயத்தின் பவழக்கல் சுவர்களும் ரயில் நிலையத்தின் சில வளைவுகளும் நிற்கின்றன. மக்கள் வாழத் தகுதியற்ற இடம் என அரசு அறிவித்தது. ஆனாலும் மீனவக் குடும்பங்கள் அங்கேயே ஓலைக்குடிசை போட்டு வாழ்ந்துவருகின்றன.

2017இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறந்தபின் தனுஷ்கோடிப் படங்கள் பெருகின. பெரும்பாலானவற்றில் தேவாலயச் சுவர், பின்னால் நீலவானம், வேறெதுவும் இல்லை. வலை பின்னுகிறவரும் சங்கு விற்கும் பெண்ணும் படத்துக்கு வெளியே தள்ளப்படுகிறார்கள். இந்த ஊரின் கதையில் பாதி அழிவு, மறுபாதி போக மறுத்தவர்களின் பிடிவாதம். இரண்டாவது பாதியை வெட்டிவிட்டால் படம் அழகாக இருக்கலாம், உண்மையாக இருக்காது.

யாழ்ப்பாணத்தில் கதை வேறு. 1981 மே இறுதியில் மூட்டப்பட்ட தீயில் யாழ் பொது நூலகமும் அதிலிருந்த சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் எரிந்தன. கரிபிடித்த சுவர்களும் கூரையற்ற மண்டபமும் கொண்ட படங்கள் தமிழர் வாழும் நாடுகளுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தன. பிற்பாடு நூலகம் பழைய வடிவிலேயே மீட்டுக் கட்டப்பட்டது. வெள்ளையடித்த சுவரில் தீயின் தடம் தெரியாது. அதைக் காட்டுவதற்கு அந்தப் படங்கள்தான் மிச்சம். வலிகாமம் வடக்கில் 1990 முதல் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் சிக்கிய வீடுகளின் உரிமையாளர்கள் பல பத்தாண்டுகள் கழித்துத் திரும்பியபோது, கூரையும் கதவும் போய் மரம் முளைத்த சுவர்களைத்தான் கண்டார்கள். வெளியிலிருந்து வருகிறவருக்கு அது கொடி படர்ந்த இடிபாடு. உரிமையாளருக்கு அது காணி உறுதிக்குத் துணைநிற்கும் சான்று. ஓவியர் தா. சனாதனன் 2011இல் வெளியிட்ட தோம்பு (காணிப் பதிவேடு) நூல், இடம்பெயர்ந்தவர்கள் தங்கள் வீட்டை நினைவிலிருந்து வரைந்த படங்களால் ஆனது. கேமரா போக முடியாத இடத்தில் நினைவு ஆவணமானது.

செட்டிநாட்டில் புயலும் இல்லை, போரும் இல்லை. பர்மாவில் வட்டித்தொழில் செய்து சேர்த்த பணத்தில் பர்மாத் தேக்கும் இத்தாலியப் பளிங்கும் கொண்டு எழுப்பிய வீடுகள் அவை. 1942இல் ஜப்பான் படையெடுப்பும் பின்னர் பர்மாவின் தேசியமயமாக்கமும் அந்தப் பணத்தின் ஊற்றை அடைத்தன. வாரிசுகள் பெருகி, வீடு ஐம்பது பங்காளிகளுக்குப் பொதுவானது. எல்லோரும் கையெழுத்திட்டால்தான் ஓடு மாற்ற முடியும் என்ற நிலையில் வீடுகள் ஒழுகின. தூண்களும் கதவுகளும் கழற்றப்பட்டுக் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்கு வந்தன. செட்டிநாட்டு வீட்டின் படத்துக்குக் கீழே இந்தக் காரணத்தை இரண்டு வரியில் எழுதினால், பார்ப்பவருக்குத் தன் குடும்பத்துப் பங்கு வீடும் நினைவுக்கு வரும்.

கரையில் கிடக்கும் கப்பல்

கப்பலின் சாவை மக்கள் கூட்டமாகப் பார்க்கும் வாய்ப்பு அரிதாகவே வரும். சென்னைக்கு அது 2012 அக்டோபர் 31 அன்று வந்தது. நீலம் புயலில் பிரதிபா காவேரி என்ற எண்ணெய்க் கப்பல் நங்கூரம் அறுந்து பெசன்ட் நகர்க் கரையோரம் மணலில் சிக்கியது. நவம்பர் 11 வரை, இழுவைக் கப்பல்கள் மீட்கும் நாள் வரை, கடற்கரை திருவிழாக் கோலம் பூண்டது. குழந்தைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஆயிரக்கணக்கானோர் படமெடுத்தார்கள். அந்தக் கப்பலில் மாலுமிகள் பல நாட்களாகப் போதிய உணவும் சம்பளமும் இன்றிக் கடலில் நின்றிருந்தார்கள் என்பதும், புயலில் உயிர்காப்புப் படகில் இறங்கியவர்களில் சிலர் மாண்டார்கள் என்பதும் பெரும்பாலான படங்களில் இல்லை. உண்மையில் கைவிடப்பட்டவர்கள் கப்பலுக்குள் இருந்தவர்களே.

இலங்கையின் முல்லைத்தீவுக் கரையில் இன்னொரு கப்பல் இருந்தது. 2006 டிசம்பரில் எஞ்சின் பழுதாகி அலையில் ஒதுங்கிய ஜோர்டான் நாட்டுச் சரக்குக் கப்பல் பாரா-3. இறுதிப் போர் முடிந்தபின் தெற்கிலிருந்து வந்தவர்கள் அந்தத் துருப்பிடித்த கூட்டின் முன் நின்று படமெடுத்துக்கொண்டார்கள். அந்தப் போரின் இறுதியில், 2009இல், பேரழிவு நிகழ்ந்த கரைப்பகுதி அருகிலேயே இருக்கிறது. எந்தச் சட்டகத்துக்குள் எதைச் சேர்க்கிறோம் என்பது வெறும் அழகியல் விஷயமாக இராத இடம் அது.

கப்பல் உடைக்கும் தளங்களே இந்தத் துறையின் பெரிய களம். குஜராத்தின் அலாங்கில் 1983இல் தொழில் தொடங்கியது. அங்கே கடல் ஏற்றவற்றம் சுமார் பத்து மீட்டர். பெருவெள்ள ஓதத்தன்று கப்பலைத் தன் எஞ்சின் வேகத்திலேயே கரைமேல் ஏற்றிவிடுவார்கள். நீர் வடிந்ததும் சேற்றில் நிற்கும் கப்பலைக் காஸ் கட்டரால் அறுப்பார்கள். கல்நார், எண்ணெய்க் கசடு, விழும் இரும்புத் தகடு என உயிருக்கு ஆபத்து எத்தனையோ. வங்கதேசத்துச் சிட்டகாங் கரையை செபாஸ்தியோ சல்காடோ 1989இல் படமெடுத்தார். 1993இல் வந்த அவரது தொழிலாளர்கள் பற்றிய பெருந்தொகுதியில் அவை இடம்பெற்றன. 2000ஆம் ஆண்டு எட்வர்ட் பர்டின்ஸ்கி அதே கரைக்குப் போனார். சல்காடோவின் சட்டகத்தில் உடலும் உழைப்பும் முன்னால் நிற்கும். பர்டின்ஸ்கியிடம் இரும்பு மலை முன்னால் நிற்கும், மனிதர் அதன் அடியில் புள்ளியாகத் தெரிவார். இரண்டும் பெரும் படைப்புகள். எழுத்தோடு சேர்ந்து படம் எதைச் சாதிக்கும் என்பதற்கு மூன்றாவது சான்றும் உண்டு. பால்டிமோர் சன் நாளேடு 1997இல் அலாங் உள்ளிட்ட தளங்களின் நிலையைப் படங்களோடு தொடராக வெளியிட்டு, அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசு பெற்றது. அமெரிக்க அரசு தன் பழைய போர்க்கப்பல்களை இங்கே அனுப்புவது பற்றிக் கேள்விகள் எழுந்தன.

நம் கரையில் இந்தக் கவனத்துக்காகக் காத்திருப்பது தூத்துக்குடித் தோணி. இலங்கைக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிச் சென்ற மரக்கப்பல் அது. கட்டத் தெரிந்த ஓடாவிகள் குறைந்துவருகிறார்கள். ஓய்ந்த தோணி சேற்றில் மக்கிப் போகும்முன் அதன் வங்குகளையும் பலகைப் பொருத்துகளையும் ஓடாவியின் விளக்கத்தோடு பதிவது அவசர வேலை.

உலகில் எழுந்த கேள்வி

2010இல் இரண்டு பிரெஞ்சு இளைஞர்கள், ஈவ் மார்ஷான், ரொமேன் மெஃப்ர் ஆகியோர், டெட்ராய்ட் நகரின் இடிபாடுகள் பற்றிய படநூலை வெளியிட்டார்கள். கூரை திறந்த நாடக அரங்குகள், மூடிய கார் ஆலைகள், காலியான ரயில் நிலையம். உலகம் அதைக் கொண்டாடியது. அந்த நகரத்து மக்கள் கோபப்பட்டார்கள். அப்போது டெட்ராய்ட்டில் ஏழு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் ஊரைச் சுடுகாடாகக் காட்டினால் அங்கே யார் முதலீடு செய்வார், யார் குடிவருவார் என்று கேட்டார்கள். ஆலை ஏன் மூடியது, வெள்ளையர் ஏன் புறநகருக்குப் போனார்கள், கறுப்பின மக்கள் ஏன் எஞ்சினார்கள் என்ற வரலாற்றை அந்த அழகு மறைக்கிறது என்பதே விமர்சகர்களின் வாதம்.

செர்னோபில் விபத்துக்குப்பின் 1986இல் காலி செய்யப்பட்ட பிரிப்யாட் நகரில் அந்தக் கோளாறு முற்றிப்போனது. வகுப்பறையில் முகமூடிகளும் பொம்மைகளும் பார்வைக்கு உருக்கமாக இருக்கும்படி வந்தவர்களால் அடுக்கிவைக்கப்பட்டன. படமெடுப்பவர் கை வைத்த கணமே அந்த இடம் சாட்சி சொல்லும் தகுதியை இழந்துவிடுகிறது.

மாற்று வழிகளும் உலகில் இருந்தன. கமிலோ ஹோசே வெர்கரா 1970கள் முதல் அமெரிக்க நகரங்களின் அதே தெருமுனைக்கு ஆண்டுதோறும் திரும்பிச் சென்று அதே கோணத்தில் படமெடுத்தார். ஒரு வீடு கடையாகி, கடை தேவாலயமாகி, பிறகு காலி மனையாவதை அவரது வரிசைகளில் காணலாம். ஜெர்மனியில் பெர்ண்டு, ஹில்லா பெஷர் தம்பதி சுரங்கக் கோபுரங்களையும் உலைகளையும் மேகமூட்டமான ஒளியில், ஒரே உயரத்தில், ஒரே முறையில் எடுத்து வகைப்படுத்தினார்கள். டார்ட்முண்டில் சொலர்ன் சுரங்கத்தின் எந்திரக்கூடம் 1969இல் இடிப்பிலிருந்து தப்பி, அந்நாட்டின் தொழில் மரபுச் சின்னங்களுக்கு வழிதிறந்தது. இவர்களது படங்கள் அந்த முயற்சிக்கு வலுச் சேர்த்தன. பொறுமையும் முறையும் இருந்தால் இந்தக் கலை கட்டடத்தையே காப்பாற்றும்.

கள்ளக்குறிச்சியில் என்ன இருக்கிறது

2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து பிரிந்து உருவான இளைய மாவட்டம் இது. பாழிடங்களைப் பொறுத்தவரை பழைய மாவட்டம். தியாகதுருகம் மலைக்கோட்டையை எடுத்துக்கொள்வோம். கர்நாடகப் போர்களில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் இதற்காக மோதினார்கள். 1760இல் பாண்டிச்சேரியைக் காக்கப் படையுதவி தருவதற்கு ஈடாகப் பிரெஞ்சுத் தளபதி லாலி இந்தக் கோட்டையை ஹைதர் அலிக்கு ஒப்புக்கொடுத்தார். மறு ஆண்டு ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. 1790இல் திப்பு சுல்தான் முற்றுகையிட்டும் கேப்டன் பிளின்ட்டின் படை விட்டுக்கொடுக்கவில்லை. வடக்கே சில மணிநேரப் பயணத்தில் உள்ள செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் மராட்டிய ராணுவ அரண்களின் வரிசையில் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் ஏறியது. தியாகதுருகத்துக்கு ஒரு முழுமையான படத்தொகுதி கிடைத்தாலே அது பெரிய தொடக்கமாக இருக்கும். எந்தச் சுவர் எந்த முற்றுகைக்குப்பின் செங்கல்லால் திருத்தப்பட்டது என்பதைக் கல்லும் காரையும் இன்னும் சொல்லும் நிலையில் இருக்கின்றன.

தென்பெண்ணைக் கரையில் ஆதிதிருவரங்கம் கோயிலுக்குள் பழைய நெற்களஞ்சியம் ஒன்று நிற்கிறது. கோயில் நிலங்களின் நெல் ஒரு காலத்தில் எவ்வாறு சேமிக்கப்பட்டது என்பதற்கு அது நேர்ச்சான்று. உளுந்தூர்பேட்டையில் இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளம் உண்டு. 1942இல் ஜப்பானியர் சிங்கப்பூரையும் பர்மாவையும் பிடித்தபின் தென்னிந்தியாவில் அவசரமாக அமைக்கப்பட்ட தளங்களில் ஒன்று. போர் முடிந்தது, விமானங்கள் போயின, புழுதிக்காட்டுக்கு நடுவே நீண்ட தளம் மிஞ்சியது. செட்டிநாட்டு வீட்டின் பணத்தை நிறுத்திய அதே பர்மா வீழ்ச்சிதான் இந்தத் தளத்தையும் இங்கே கொண்டுவந்தது. இரண்டு படங்களின் பின்பக்கமும் ஒரே ஆண்டைச் சொல்லும்.

கல்வராயன் மலையில் வேலை இன்னும் நுட்பமானது. மலையில் கல்திட்டைகள் உண்டு. இரும்புக்கால மக்கள் இறந்தவர்களுக்கு எழுப்பிய இந்தப் பலகைக்கல் அறைகளை வெறும் கற்குவியல் என்று எண்ணி வேலிக்கும் களத்துக்கும் பெயர்த்தெடுப்பது தமிழ்நாட்டு மலைகள் பலவற்றில் நடந்திருக்கிறது. ஆகவே ஒவ்வொரு திட்டையும் இன்று எந்த நிலையில் உள்ளது என்பதன் பதிவு அவசியம். ஜாகீர் என்னும் நிலமானிய ஆட்சிக் காலமும் மலைக்கு உண்டு. சடைய கவுண்டர், குரும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் ஜாகீர்களாகப் பிரிந்திருந்த இந்தப் பக்கத்து மலைகளில் 1976இல்தான் அந்த ஆட்சி முடிவுக்கு வந்தது. சுதந்திரம் வந்து 29 ஆண்டுகள் வரை நீடித்த ஒரு முறையின் தடயங்களை, அதை நேரில் கண்ட முதியவர்கள் இருக்கும்போதே அவர்கள் வாய்மொழியோடு பதியவேண்டும். படம் இருபது ஆண்டு கழித்தும் எடுக்கலாம், அந்த வாய்மொழி அப்போது கிடைக்காது.

மலையாளிப் பழங்குடியினரின் பழைய வீடு மூங்கில் தட்டிமேல் மண் பூசிய சுவரும் புல் வேய்ந்த கூரையும் கொண்டது. கூரையை மாற்றாமல் விட்டால் ஓரிரு மழைக்காலத்தில் சுவர் கரைந்து மண்ணோடு மண்ணாகிவிடும். அரசின் தொகுப்பு வீடுகள் வந்தபின் பழைய வீடுகள் இப்படித்தான் மறைகின்றன. கோட்டை இருநூறு ஆண்டுகள் இடிபாடாக நிற்கும். மண்வீட்டுக்கு இடிபாடாக நிற்கும் காலமே இல்லை. கல்லைத் தேடி மட்டும் கேமரா போனால் அரசர்களின் சுவடு மிஞ்சும், உழைத்தவர்களின் வீடு ஒரு படம்கூட இல்லாமல் போய்விடும். இந்த மலையில் முதல் கவனம் மண்வீட்டுக்கே வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. மலைக்கிராமங்களில் பூட்டிய வீடுகளைப் பார்க்கலாம். வாசலில் புல் முளைத்திருக்கும், திண்ணை பெயர்ந்திருக்கும். கைவிடப்பட்ட வீடு என்று எழுதிவிடக் கூடாது. அந்தக் குடும்பம் கேரளத்திலோ கர்நாடகத்துக் காப்பித் தோட்டத்திலோ திருப்பூரிலோ கூலிவேலையில் இருக்கும், திருவிழாவுக்குத் திரும்பி வரும். பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை கேட்டால் தெரிந்துவிடும். கேட்காமல் எடுத்தால், பிழைக்கப் போன குடும்பத்தின் வீட்டைப் பாழ் என்று உலகுக்கு அறிவித்த பழி நம்மைச் சேரும்.

சிதைவைப் படிக்கும் கண்

நல்ல பாழிடப் படம் எடுக்க, கட்டடம் எப்படிச் சாகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். சுண்ணாம்புக் காரைக் கட்டடத்தில் முதல் எதிரி அரச மரமும் ஆலமரமும். பறவை எச்சத்தில் வந்த விதை காரை இடுக்கில் முளைத்து, வேர் பருத்துக் கல்லைப் பிளக்கும். மெட்ராஸ் டெரஸ் கூரையில் தேக்கு விட்டத்தின் முனை சுவருக்குள் புதைந்திருக்கும். மழைநீர் இறங்கினால் அந்த முனைதான் முதலில் உளுக்கும், நடுப்பகுதி நன்றாகவே இருக்கக் கூரை சரியும். கான்கிரீட்டில் உள்ளே கம்பி துருப்பிடித்துப் பருத்து, மேல்பூச்சை வெளியே தள்ளும். கப்பலில் எப்போதும் நீருக்குள் இருக்கும் பகுதியைவிட அலை நனைத்து நனைத்து உலரும் பட்டையே வேகமாக அரிக்கும். இவை தெரிந்தவர் கேமராவை எங்கே நிறுத்த வேண்டும் என்று அறிவார். அவர் எடுக்கும் படத்தைப் பார்த்து ஒரு பொறியாளர் பழுதின் காரணத்தைச் சொல்ல முடியும்.

எடுக்கும் முறை எளியதுதான். முக்காலி வைத்து, தூண்கள் சாயாமல் நேராக நிற்கும்படி எடுக்கவேண்டும். கல்வெட்டுக்குக் காலை அல்லது மாலையின் பக்கவாட்டு வெயில், அது இல்லாத இடத்தில் டார்ச்சைப் பக்கத்திலிருந்து பிடித்தல். ஒரு படத்திலாவது அளவுகோல். முதலில் சுற்றுப்புறம், பிறகு முழுக்கட்டடம், பிறகு விவரம். நின்ற இடத்தைக் குறித்துவைத்து, அடுத்த ஆண்டு அதே இடத்திலிருந்து மறுபடி எடுத்தல். குறிப்பில் ஊர், நாள், கட்டடத்தின் உள்ளூர்ப் பெயர், உரிமை யாருடையது, எப்போது ஏன் விடப்பட்டது, இதைச் சொன்னவர் எந்த முறையில் அறிந்தவர் என்பவை இருக்கவேண்டும். சொன்னவர் விரும்பினால் மட்டுமே அவர் பெயர்.

செய்யக் கூடாதவையும் உண்டு. எதையும் நகர்த்தக் கூடாது, சுவரில் சாக்குக்கட்டியால்கூட எழுதக் கூடாது. காவலற்ற கோயிலில் சிலை இருக்குமிடத்தைப் பொதுவெளியில் காட்டக் கூடாது. அந்த விவரம் காப்பகத்துக்கும் அரசுக்கும் போதும், திருடனுக்கு வழிகாட்ட வேண்டாம். 1958ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தின் கீழோ 1966ஆம் ஆண்டு மாநிலச் சட்டத்தின் கீழோ பாதுகாக்கப்பட்ட சின்னமா என்று பார்த்து, முக்காலிக்கும் ட்ரோனுக்கும் அனுமதி வாங்கவேண்டும். காப்புக்காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும். கதண்டுக் கூடு, மூடாத கிணறு, உளுத்த மாடி மூன்றும் உயிர் வாங்கும். தனியாகப் போகாமல் ஊர்க்காரர் ஒருவரை அழைத்துக்கொண்டு போவது பாதுகாப்பும் மரியாதையும் ஆகும்.

செய்யவேண்டியது

பிரெஞ்சு நிறுவனத்தின் படமெடுப்பாளர்கள் 1956இல் இந்த வட்டாரத்துக்கு வந்தபோது அவர்கள் தேடியது கோயிலும் சிலையும் மட்டுமே. மண்வீடு, ஜாகீர் காலத் தடயம், ஓடுதளம், களஞ்சியம் ஆகியவை அவர்கள் கணக்கில் வரவில்லை. அந்த இடைவெளியை நிரப்ப வெளிநாட்டு நிறுவனம் எதுவும் தேவையில்லை. மாவட்டத்தின் கல்லூரிகளில் வரலாறு படிக்கும் மாணவர்களிடம் கைபேசி இருக்கிறது, ஊரில் உறவு இருக்கிறது, பாட்டியிடம் கதை இருக்கிறது. அரசுப் பள்ளிகளின் தொன்மை மன்றங்கள் கிராமத்துக்கு ஒன்று என்று பதிவைத் தொடங்கலாம். எடுத்த படங்களின் ஒரு பிரதி மாவட்ட மைய நூலகத்திலும் இன்னொன்று அரசு அருங்காட்சியகத்திலும், வேறு ஊரில் மூன்றாவதும் இருக்கவேண்டும். குறிப்புத்தாளுக்கு எல்லோரும் ஒரே வடிவம் பின்பற்றினால் போதும், பத்தாண்டுகளில் இந்த இளைய மாவட்டம் தன் பழைய முகத்தை முழுதாக அறிந்த மாவட்டமாகிவிடும்.

பாழிடங்களின் அழகில் மயங்குவது தவறில்லை. அந்த மயக்கம்தான் நம்மை அங்கே கூட்டிச்செல்கிறது, மணிக்கணக்கில் நிற்கவைக்கிறது, உற்றுப் பார்க்கச் சொல்லித்தருகிறது. அழகோடு நின்றுவிட்டால் அந்த இடத்துக்கு நாம் எதுவும் திருப்பித் தரவில்லை என்றாகிவிடும். அங்கே வாழ்ந்தவர் யார், ஏன் போனார் என்று கேட்டு எழுதி வைத்தால், அந்த ஊர் ஒருநாள் தன் உடைமைக்கு உரிமை கோரும்போது நம் படம் அதன் பக்கம் நின்று பேசும்.